கார்லைல் அணியின் 1912: கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் எனக்கு மிகவும் பிடித்த அணி, பென்சில்வேனியாவிலிருந்த கார்லைல் பள்ளியின் பூர்வகுடி மாணவர் அணி. அது 1912ஆம் ஆண்டு ஆடிய ஆட்டங்களைப் பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: இது நாம் ஆடும் கால்பந்துதானா?

இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் டச் டவுன். 1912இல்தான் விதிகள் பெரிதாக மாறின. பத்து கஜம் முன்னேற மூன்று முயற்சிகள் இருந்தது நான்கானது. டச் டவுனுக்கு ஐந்து புள்ளி இருந்தது ஆறானது. பந்தை முன்னோக்கி எறிய இருந்த 20 கஜக் கட்டுப்பாடும் போனது. உடல் கனத்தை நம்பிய அணிகளைவிட ஓட்டத்தையும் எறிதலையும் நம்பிய அணிகளுக்கு இது வசதி. கார்லைல் இரண்டாவது வகை.

கேள்வி: கார்லைல் ஒரு கல்லூரியா, பள்ளியா?

பெயரிலேயே 'இந்தியத் தொழிற்பள்ளி' என்றுதான் இருந்தது. அமெரிக்கப் பூர்வகுடிகளைத்தான் அங்கே 'இந்தியர்' என்பார்கள். 1879இல் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி, பழைய படை முகாம் ஒன்றில் தொடங்கியது. வந்ததுமே பிள்ளைகளின் நீண்ட கூந்தலை வெட்டினார்கள். பெயரை மாற்றினார்கள். தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். பிள்ளைக்குள் இருக்கும் இந்தியனைக் கொன்றால்தான் மனிதனைக் காப்பாற்ற முடியும் என்பது பிராட்டின் கொள்கை. பல பழங்குடிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். ஊர் திரும்பாமல் அங்கேயே இறந்த பிள்ளைகளும் உண்டு.

அணியைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பலர் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். அது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஹார்வர்டையும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தையும் எதிர்த்து ஓடியவர்கள் அந்தப் பிள்ளைகள்தான்.

கேள்வி: 1912இல் மொத்தம் எத்தனை ஆட்டங்கள்?

14. அதில் 12 வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன். கார்லைல் எடுத்தது 504 புள்ளிகள், விட்டுக்கொடுத்தது 114. வில்லனோவாவை 65-0, சிரக்யூஸை 33-0, பிரவுனை 32-0 என்று வென்றார்கள். வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சன் கல்லூரியோடு மட்டும் 0-0.

பெரும்பாலான ஆட்டங்கள் வெளியூரில். பெரிய மைதானத்தில் ஆடினால்தானே டிக்கெட் வசூல்! வாஷிங்டன் நகரத்தின் ஜார்ஜ்டவுன் அணியைச் சனிக்கிழமை 34-20 என்று வென்றுவிட்டு, ரயிலேறி, திங்கட்கிழமை கனடாவின் டொரோண்டோவில் 49-1 என்று வென்றார்கள். அந்த ஒற்றைப் புள்ளி கனடிய விதிப்படி கிடைத்தது. இந்த இரண்டு நாள் பயணத்தை நினைத்தாலே எனக்கு மூச்சு வாங்குகிறது.

கேள்வி: ராணுவ அணியோடு நடந்த ஆட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்லுங்கள். ஐசன்ஹோவர் உண்மையிலேயே ஆடினாரா?

ஆடினார். பின்னாளில் அமெரிக்க அதிபரான அதே டுவைட் ஐசன்ஹோவர்தான். 1912 நவம்பர் 9, வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி மைதானம். வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்கப் படை லகோட்டா பூர்வகுடி மக்களைச் சுட்டுக் கொன்று 22 ஆண்டுகூட முடியவில்லை. களத்தில் ஒரு பக்கம் வருங்கால ராணுவ அதிகாரிகள், மறுபக்கம் பூர்வகுடிப் பிள்ளைகள். உங்கள் தகப்பன்களையும் தாத்தாக்களையும் எதிர்த்துப் போரிட்டவர்களின் பிள்ளைகள் இவர்கள் என்று பயிற்சியாளர் 'பாப்' வார்னர் சொல்லி அனுப்பியதாகக் கூறுவார்கள்.

முதலில் புள்ளி எடுத்தது ராணுவம்தான். ஆனால் வார்னர் ஒரு புது அமைப்பை வைத்திருந்தார். வழக்கமாகப் பின்னால் நிற்கும் இரண்டு ஓட்டக்காரர்களை முன்வரிசையின் இரு ஓரங்களுக்கும் கொண்டுவந்து நிறுத்தினார். பந்து கைமாறியதும் அது இடப்பக்கம் போகிறதா, வலப்பக்கம் போகிறதா, எறியப் போகிறார்களா என்று எதிரே நிற்பவருக்குத் தெரியாது. சடுகுடுவில் பாடி வருபவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று தெரியாமல் கால் தடுமாறுவது போலத்தான்.

கார்லைலின் நட்சத்திர ஆட்டக்காரர் ஜிம் தோர்ப்பைத் தடுப்பதிலேயே ராணுவம் குறியாக இருந்தது. ஐசன்ஹோவரும் இன்னொருவரும் சேர்ந்து அவரை வீழ்த்தப் பாய்ந்தார்கள். கடைசி நொடியில் தோர்ப் நின்றுவிட, இருவரும் ஒருவரோடு ஒருவர் மோதி விழுந்தார்கள். ராணுவ அணித் தலைவர் லீலண்ட் டெவோர், தன்னைத் திணறடித்த கார்லைல் ஆட்டக்காரர் ஜோ கயானை ஆத்திரத்தில் தாக்கி, களத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார்.

முடிவு கார்லைல் 27, ராணுவம் 6. மூன்று டச் டவுன் எடுத்தவர் தோர்ப் இல்லை, அலெக்ஸ் ஆர்காசா. எல்லார் கண்ணும் தோர்ப்பின் மேல் இருக்கும்போது பந்து ஆர்காசா கையில். ஆட்டத்தின் சூட்சுமமே அதுதான். ஆர்காசாவின் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

கேள்வி: அப்புறம் எப்படித் தோற்றார்கள்?

அடுத்த வாரமே, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம், 34-26. ராணுவ ஆட்டத்தில் உடம்பையும் மனதையும் முழுக்கக் கொடுத்த களைப்பு என்றே நான் நினைக்கிறேன். அதற்குப் பின் மிச்சமிருந்த இரண்டையும் வென்றார்கள்.

கேள்வி: சட்டைக்குள் பந்தை ஒளித்து ஓடிய கதை இந்த ஆண்டுதானா?

அது 1903, ஹார்வர்டுக்கு எதிராக. சார்லி டில்லனின் சட்டை முதுகுக்குள் பந்தைச் செருகிவிட்டார்கள். பந்து எங்கே என்று ஹார்வர்டு தேடிக்கொண்டிருக்க, அவர் வெறுங்கையோடு ஓடி எல்லையைத் தொட்டார். ஆனாலும் ஆட்டத்தை ஹார்வர்டு 12-11 என்று வென்றது.

கேள்வி: தோர்ப்பின் ஒலிம்பிக் பதக்கங்களை ஏன் பறித்தார்கள்?

அதே 1912 கோடையில் ஸ்டாக்ஹோமில் ஐந்து போட்டிகள் கொண்ட பென்டத்லானிலும் பத்துப் போட்டிகள் கொண்ட டெகத்லானிலும் தங்கம் வென்று வந்தவர் அவர். 1913 ஜனவரியில், முன்பு வட கரோலினாவில் சிறு சம்பளத்துக்குத் தொழில்முறை பேஸ்பால் ஆடியது செய்தியானது. விளையாட்டுக்குப் பணம் வாங்கியவர்களுக்கு அன்றைய ஒலிம்பிக்கில் இடமில்லை. அப்போது பல மாணவர்கள் கோடை விடுமுறையில் பொய்ப் பெயரில் அப்படி ஆடினார்கள். தோர்ப் சொந்தப் பெயரில் ஆடியதால் மாட்டிக்கொண்டார். தனக்கு ஒன்றுமே தெரியாது என்று வார்னர் கைகழுவிவிட்டார். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பதக்கங்களைத் திருப்பித்தர ஒலிம்பிக் குழு முடிவெடுத்தது 1982இல். தோர்ப் 1953லேயே இறந்துவிட்டார். இரண்டு போட்டியிலும் அவர் ஒருவரே வெற்றியாளர் என்று அறிவிக்க 2022 வரை ஆனது.

கேள்வி: வசூல் பணமெல்லாம் மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா?

அந்தப் பணத்தை எப்படிச் செலவழித்தார்கள் என்பதுதான் 1914இல் நாடாளுமன்ற விசாரணையில் கிளறப்பட்டது. விசாரணை கேட்டு மனு போட்டவர்கள் மாணவர்களே. முன்னின்றவர் கஸ் வெல்ச், 1912 அணியில் ஆட்டத்தை நடத்திய குவார்ட்டர்பேக். வார்னர் மாணவர்களைத் தரக்குறைவாக நடத்தினார் என்று அவர் வெளிப்படையாகச் சாட்சி சொன்னார். வார்னர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக அணிக்குப் போய்விட்டார். பள்ளி 1918இல் மூடப்பட்டது. 2017 முதல் அங்கே புதைக்கப்பட்ட பிள்ளைகளின் எச்சங்களைத் தோண்டியெடுத்துக் குடும்பங்களிடம் ஒப்படைத்துவருகிறார்கள்.

கேள்வி: மற்ற ஆட்டக்காரர்கள் என்ன ஆனார்கள்?

ஜோ கயான் ஜார்ஜியா டெக் அணிக்குப் போனார். பிறகு தோர்ப்போடு சேர்ந்து தொழில்முறைக் கால்பந்து ஆடினார். வெல்ச், வாஷிங்டன் மாநிலக் கல்லூரி அணிக்குப் பயிற்சியாளரானார். அதற்கு முன், முதல் உலகப் போர் வந்தபோது, அவர் சேர்ந்தது அமெரிக்க ராணுவத்தில். பூர்வகுடிகள் எல்லோருக்கும் குடியுரிமை என்று சட்டம் வந்தது 1924இல்தான்.