பொட்டலத்தில் திரும்பி வந்த வெள்ளித்தூள்

கேள்வி: எனக்கு வயது 47. சேலம் குகையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரனும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே எதிரிகள். பம்பரத்தில் தொடங்கி ரேங்க் வரை போட்டி. பத்து வயதில், ஆடித் திருவிழா வண்டி வேடிக்கையில் அவனுக்கு முருகன் வேடம், எனக்கு நாரதர். எட்டாம் வகுப்பில் அவன் பார்த்து எழுதினான் என்று நான் பொய் சொல்ல, பிரம்படி வாங்கினான். அதன்பின் பேச்சே இல்லை. சென்ற தீபாவளிக்கு முன் என் வலது மணிக்கட்டு முறிந்தது. அவனாகவே வந்து, பாதியில் நின்ற கொலுசுகளை எடுத்துப் போய் முடித்துக் கொடுத்தான். அராவிய தூளைக்கூடப் பொட்டலம் கட்டித் தந்தான். கூலி வாங்கவில்லை. என்னை மட்டம் தட்டத்தான் செய்தானா? இந்தக் கணக்கை எப்படி நேர் செய்வது?

- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் முருகன் வேடத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். பிரம்படிக்கு ஒரே ஒரு வரி.

ஆடித் திருவிழாவில் அந்த ஓர் இரவு குகைப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிது என்பது எனக்கும் தெரியும். விளக்கு வெளிச்சத்தில், வண்டியின் மேல் வேலும் கையுமாக எதிர்வீட்டுப் பையன் நின்றால் யாருக்கும் வயிறு எரியும்தான். ஆனாலும் 37 வருடம் எரிவது கொஞ்சம் அதிகம். (பிறகு நீங்கள் பார்த்த கோள் வேலையை நினைத்தால், வேடம் பிரித்துக் கொடுத்தவர் ஆள் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார் என்றும் தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

மட்டம் தட்ட வந்தவர் அந்தப் பொட்டலத்தைக் கொடுத்திருக்க மாட்டார். தரையைக் கூட்டிய குப்பையிலும் வெள்ளி தேடுகிற தொழில் உங்களுடையது. சேதாரம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் மறுபேச்சுப் பேசியிருக்க முடியாது. அவரோ தூளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுக்கிறார். எட்டாம் வகுப்பில் வாத்தியார் நம்பாத ஒன்றை, இத்தனை வருடம் கழித்து உங்கள் தராசிலேயே வைத்துக் காட்டியிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. நானாகக் கற்பித்துக்கொள்கிறேனோ என்னவோ.

அதனால், கணக்கை நேர் செய்வதை மட்டும் செய்யாதீர்கள். பட்டு வேட்டி, மல்கோவாக் கூடை என்று நாளைக்கே தூக்கிக்கொண்டு ஓடினால், அதுவும் பழைய பந்தயத்தின் அடுத்த சுற்றுதான். கடன் கொஞ்ச நாள் இருக்கட்டும். பட்டறைக்காரருக்கு நான் சொல்வது அதிகப்பிரசங்கம்தான்: வெள்ளி உருக 961 டிகிரி வேண்டும், பற்றவைக்கிற பொடி அதற்கு முன்பே உருகிவிடும். வெங்காரம் இட்டு ஊதும்போது ஒரு பக்கம் மட்டும் சூடேறினால், பொடி அந்தப் பக்கமே ஓடிவிடுகிறது, இணைப்புப் பிடிப்பதில்லை. இதுவரை சூடு அவர் பக்கம் மட்டுமே ஏறியிருக்கிறது.

உங்கள் பக்கம் பாக்கி இருப்பது அந்த ஒற்றை வரி. "அன்றைக்கு நீ பார்த்து எழுதவில்லை, நான்தான் பொய் சொன்னேன்." இவ்வளவு போதும். "சின்ன வயது, விவரம் தெரியவில்லை" என்று வால் சேர்க்காதீர்கள். "அதெல்லாம் இப்போது எதற்கு" என்பார், அல்லது ஒன்றும் சொல்லாமல் கொலுசை அராவிக்கொண்டே இருப்பார். பதில் வாங்கிக்கொண்டுதான் எழுந்திருப்பேன் என்று உட்காராதீர்கள். மனைவியை உடன் அழைத்துப் போகவும் வேண்டாம். சாட்சி வைத்துப் பேசுகிற விஷயமல்ல இது. அவர் பட்டறையில் எப்போதாவது கை குறைந்தால், அவரைப் போலவே கேட்காமல் போய் உட்காருங்கள்.

சாயங்காலம் வேலை முடிகிற நேரமாகப் பார்த்துப் போங்கள். இரண்டு தட்டுவடை செட் கட்டிக்கொள்ளுங்கள். வண்டி வேடிக்கைப் படம் வீட்டில் இருந்தால் சட்டைப்பையில் இருக்கட்டும், பேச்சு நின்றுபோனால் எடுத்துக் காட்டலாம். முருகனுக்கு இப்போது தொப்பை எவ்வளவு என்று மட்டும் நீங்கள் எழுதவில்லை.