கடல் முயல் ஒரே தொடுதலுக்குச் சில சமயம் மட்டும் செவுளைப் பலமாக இழுப்பது ஏன்?

முக்கியக் காரணம் செரட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருள். அப்ளிசியா என்ற கடல் முயலின் (நத்தை இனத்துக் கடல் பிராணி) நீர்க்குழலைத் தொட்டால், உணர் நரம்பணு குளுட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருளை வெளியிட்டு இயக்க நரம்பணுவைத் தூண்டும். செவுள் உள்ளே சுருங்கும். பாதை மாறாது, அதன் பலம்தான் கூடும், குறையும்.

வாலில் ஒரு மின்னதிர்ச்சி கொடுத்தால், இடைநரம்பணுக்கள் உணர் நரம்பணுவின் முனைமேல் செரட்டோனினைக் கொட்டும். முனைக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தகவல் கடத்தும் மூலக்கூறு ஏறும். அது முடுக்கிவிடும் புரதக் கைனேஸ் ஏ என்ற நொதி, ஒருவகைப் பொட்டாசியம் வாய்க்கால்களை மூடவைக்கும். பொட்டாசியம் வெளியேறத் தாமதமாவதால் மின்துடிப்பு சற்று நீளும், கால்சியம் கூடுதலாக நுழையும், குளுட்டமேட்டும் அதிகம் வெளியாகும். ஓர் அதிர்ச்சியின் விளைவு நிமிடக் கணக்குதான். வளர்ப்புத் தட்டில் வைத்த நரம்பணுக்களுக்கு 5 நிமிடச் செரட்டோனின் குளியலை இடைவெளி விட்டு 5 முறை கொடுத்தால் விளைவு ஒரு நாளைத் தாண்டியும் நிற்கும். அதற்குப் புதுப் புரதம் உருவாக வேண்டும். (நரம்பியல் அறிஞர் எரிக் கேண்டலின் 2000 நோபலுக்கு அடித்தளம் இந்தப் பிராணிதான்.) எஃப்எம்ஆர்எஃப்அமைடு என்ற பெப்டைடு (குட்டிப் புரதத் துண்டு) செரட்டோனினுக்கு நேர் எதிர்: அதே பொட்டாசியம் வாய்க்கால்களைத் திறந்துவிடும்.

இதைச் சோதித்துப் பார்க்கும்போது சொதப்புவது பெரும்பாலும் அவசரத்தால். அடுத்தடுத்துத் தொட்டால் பழகிப்போய் எதிர்வினை தேயும். அதைப் பார்த்துச் செரட்டோனின் வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடுவார்கள். செரட்டோனின் கரைசலும் வெளிச்சத்தில் கெடும். அன்றன்றைக்குக் கலக்கி, இருட்டில் வையுங்கள்.