கண்புரை அறுவை சிகிச்சை: எங்கே, யாரிடம்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 68. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரண்டு கண்களிலும் புரை. கண்ணாடிக் கடைக்காரர் அனுப்பிய மருத்துவமனையில், "லேசர் முறை, வெளிநாட்டு லென்ஸ், 65,000 ரூபாய். இந்த வாரமே முன்பணம் கட்டினால் 10,000 குறைத்துக்கொள்கிறோம்" என்றார்கள். இன்னோர் இடத்தில் 22,000 கேட்கிறார்கள். விலை குறைந்த இடத்துக்குப் போய்க் கண்ணைக் கெடுத்துக்கொள்வோமோ என்று பயமாக இருக்கிறது.
வாசகி, மன்னார்குடி

பதில்: அந்தப் பத்தாயிரத்தை முதலில் மறந்துவிடுங்கள். ஆடி முடிவதற்குள் எடுத்தாக வேண்டிய சேலையா இது? புரை பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல வளர்வது. கண்ணில் வலியோ சிவப்போ இல்லாதவரை, இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு இன்னொரு மருத்துவரிடமும் காட்டலாம். அவர் கடைக்காரர் அனுப்பாதவராக இருக்கட்டும்.

அடுத்தது 'லேசர்'. நம் ஊரில் பலர் லேசர் என்று சொல்வது பேக்கோ முறையைத்தான். மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான கீறல் வழியாகக் கருவியை நுழைத்து, அல்ட்ராசவுண்ட் அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சிவிட்டு லென்ஸை வைப்பார்கள். இதில் லேசருக்கு வேலையே இல்லை. உண்மையிலேயே லேசர் கருவி வைத்திருக்கும் மருத்துவமனைகளும் உண்டு. அங்கும் அது கீறல் போடுவது போன்ற தொடக்க வேலைகளைத்தான் செய்கிறது. "லேசர் எந்த வேலையைச் செய்யும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அந்த இடத்தைப் பற்றி வேறு விசாரணை தேவையில்லை.

வெளிநாட்டு லென்ஸ் என்பதற்காகவும் மயங்க வேண்டாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப் 1992 முதல் லென்ஸ் தயாரித்துப் பல நாடுகளுக்கு ஏற்றுமதி செய்துவருகிறது. மருத்துவமனைக்கு மருத்துவமனை கட்டணம் வேறுபடுவதற்குப் பெரிய காரணம் லென்ஸின் வகை. தூரத்துக்கு மட்டும் பார்வை தரும் சாதாரண லென்ஸ் விலை குறைவு. படிக்கக் கண்ணாடி போட வேண்டியிருக்கும். தூரம், கிட்டம் இரண்டுக்குமான மல்ட்டிஃபோகல் விலை அதிகம். இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிவதாகச் சிலர் சொல்வார்கள். விழித்திரை பழுதானவர்களுக்கு அதைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை.

உங்கள் அம்மா விஷயத்தில் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுச் சர்க்கரை விழித்திரையைத் தொட்டிருக்கலாம். அப்படியானால் எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸ் வைத்தாலும் பார்வை முழுதாகத் திரும்பாது. சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார வைத்து, கண்மணி விரிந்த பிறகு மருத்துவரே உள்ளே பார்த்தாரா? புரை அடர்ந்து உள்ளே தெரியவில்லை என்றால் ஸ்கேன் எடுத்தார்களா? மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைக் கேட்டார்களா? இதையெல்லாம் பார்க்காமல் முன்பணம் கேட்டிருந்தால், அந்த 65,000 ரூபாய் இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். 22,000 ரூபாய் இடத்துக்கும் இதே அளவுகோல்தான்.

இனி மருத்துவர். கண்ணின் பவரை அளந்து எழுதும் ஆப்டோமெட்ரிஸ்ட் வேறு, கத்தி பிடிப்பவர் வேறு. எம்.எஸ்., டி.என்.பி. அல்லது டி.ஓ. படித்த கண் மருத்துவரா என்று பாருங்கள். மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும். அதை மருத்துவக் கவுன்சில் பட்டியலில் சரிபார்க்கலாம். கூச்சப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள். என் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை செய்யப்போவது நீங்கள்தானா? நடுவில், கண்ணுக்குள் லென்ஸைத் தாங்கும் மெல்லிய உறை கிழிந்தால் பார்க்க விழித்திரை நிபுணர் இருக்கிறாரா? இரவு பதினொரு மணிக்கு வலி வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும்? மூன்றாவதுதான் முக்கியம். முதல் சில நாட்களில் வலி கூடி, கண் சிவந்து, பார்வை மங்கினால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். விடியும்வரை காத்திருக்கக் கூடாது. "கண்ணாடியே வேண்டாம், நூறு சதவீதம் உத்தரவாதம்" என்பவரைவிட, "இவ்வளவுதான் பார்வை வரும்" என்று சொல்பவரை நான் நம்புவேன்.

ஒரே நாளில் இரண்டு கண்ணுக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டில் லென்ஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிது. மாடல், பவர், வரிசை எண் அதில் இருக்கும். என் அக்கா அது இல்லாமலே வந்துவிட்டார். இரண்டாவது கண்ணுக்கு வேறு ஊரில் காட்டியபோது, "முதல் கண்ணில் என்ன பவர் வைத்தார்கள்?" என்றார் மருத்துவர். பழைய மருத்துவமனைக்குப் போன் செய்து செய்து எங்களுக்கு ஒன்பது நாள் போனது.

கேள்வி: இலவச முகாம் மூலம் செய்துகொண்டால் தரம் குறைவா?
வாசகர், பெரம்பலூர்

பதில்: இலவசம் என்பதாலேயே மட்டம் இல்லை. அரவிந்த் 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. கட்டணம் செலுத்துவோரின் பணத்தில்தான் மற்றவர்களுக்கு இலவச சிகிச்சையும் நடக்கிறது. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு 1819இலிருந்து வரலாறு உண்டு. முகாமில் பரிசோதனை மட்டும் நடந்து, அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனைக்கே அழைத்துப் போகிறார்களா, மறுநாளும் ஒரு மாதம் கழித்தும் பார்ப்பார்களா என்று கேளுங்கள். பள்ளிக்கூட வகுப்பறையில் அறுவை சிகிச்சை என்றால் போகாதீர்கள்.

கேள்வி: அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பாவின் பார்வை மோசமாகிவிட்டது. வழக்குப் போடலாமா?
வாசகர், கடலூர்

பதில்: முதலில் வேறொரு மருத்துவரிடம் கண்ணைக் காட்டுங்கள், காப்பாற்ற வேண்டியது அதுதான். சில மாதங்கள் கழித்து மங்கியிருந்தால், லென்ஸுக்குப் பின்னுள்ள சவ்வு மங்கியிருக்கக்கூடும். அதைச் சில நிமிட லேசரில் சரிசெய்வார்கள் (இங்கே உண்மையான லேசர்தான்). சிகிச்சைக் குறிப்புகளை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. கட்டணம் வாங்கும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம். ஆனால் பார்வை வரவில்லை என்பது மட்டும் போதாது, கவனக்குறைவைக் காட்ட வேண்டும். அதற்கு இரண்டாவது மருத்துவர் எழுதித் தரும் அறிக்கை கையில் இருக்க வேண்டும்.