பத்தாவதுக்காகப் பந்தை நிறுத்தலாமா?

வணக்கம் அம்மா,

மகள் மாவட்ட கால்பந்து அணிக்குத் தேர்வான சந்தோஷத்தைவிட, "அடுத்த வருஷம் பத்தாவது, ஒரு வருஷம் நிறுத்தி வைக்கட்டுமா?" என்ற கவலைதான் உங்கள் கடிதத்தில் அதிகம் தெரிகிறது. நிறுத்தாதீர்கள். பரீட்சை நெருங்கும்போது பயிற்சி நேரத்தைக் குறைத்தால் போதும். பதினேழு வயதுக்கு உட்பட்டோர் அணிக்கு ஆள் எடுக்கிற வயது இது. இப்போது விட்டால் அந்த இடத்துக்கு வேறு பிள்ளை வந்துவிடும்.

பிழைப்புக்கு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் விழுப்புரத்துக்குப் பக்கத்துக் கடலூர்தான் இந்துமதி கதிரேசனின் ஊர். இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டர். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-ல் தேசிய சீனியர் பட்டம் வென்றது, 2023-ல் மறுபடியும். மதுரையின் சேது எஃப்.சி. கிளப் 2019-ல் இந்திய மகளிர் லீக் கோப்பையை எடுத்தது. ஆனால் கிளப் சம்பளத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது இங்கே இன்னும் சிரமம்தான். அதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட எனக்கு மனசில்லை.

அதனால்தான் சான்றிதழைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. பொறியியல் கலந்தாய்விலும் தனி இடங்கள் உண்டு. இரண்டிலும் வீட்டு அலமாரியில் நிற்கும் கோப்பைகளை யாரும் பார்ப்பதில்லை, எந்த மட்டத்தில் ஆடினாள் என்று சான்றளிக்கும் படிவம்தான் பேசும். நாட்டுக்கு ஆடினால் படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடினால் 2, பல்கலைக்கழக அணி என்றால் 3, பள்ளிகளுக்கான தேசியப் போட்டி என்றால் 4. ஊர் டோர்னமென்ட் பத்து ஜெயித்தாலும் இந்த நான்கில் ஒன்றுக்கு ஈடாகாது. எந்தப் போட்டிக்கு அனுப்புவது என்று குழம்பினால் இதை வைத்தே முடிவெடுங்கள்.

இன்னொன்று முட்டி. ஏ.சி.எல். என்ற லிகமெண்ட், அதாவது முட்டிக்குள் எலும்புகளைப் பிணைத்திருக்கும் நார், கிழிவது ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம். கிழிந்தால் பெரும்பாலும் ஆபரேஷன், பிறகு ஒன்பது மாதம், ஒரு வருஷம் என்று போய்விடும். ஒருநாள் மாலை கிரவுண்டுக்குப் போய் அவள் எகிறிப் பந்தைத் தலையால் முட்டிவிட்டு இறங்குவதைப் பாருங்கள். முட்டி இரண்டும் உள்பக்கமாக ஒட்டுகிற மாதிரி மடங்கினால் கோச்சிடம் உடனே சொல்லுங்கள். ஃபிஃபாவின் '11+' வார்ம்-அப் இதற்கென்றே வந்தது. இருபது நிமிஷம் ஆகும், செலவு கிடையாது. பல இடங்களில் கிரவுண்டை இரண்டு சுற்று ஓடவிட்டு நேராக மேட்ச்சில் இறக்கிவிடுகிறார்கள். எனக்கு வயிறெரிகிறது.

பதினொன்றாவதில் எந்த குரூப் என்று இப்போதே அடித்துக்கொள்ள வேண்டாம், அவளுக்குப் பிடித்ததை எடுக்கட்டும். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிச் சேர்க்கைக்கு ஆண்டுதோறும் அறிவிப்பு வரும், கவனித்துக்கொண்டிருங்கள்.

இந்த வாரமே அவளுடைய பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து, பெயரும் தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் மாநில அணிக்கான தேர்வுக்கு முன்பே திருத்திவிட வேண்டும்.