ஆச்சி பதில்கள்: கயிற்றில் இறங்கிய கெண்டி

கேள்வி: ஆச்சி, ஈக்வடார் காட்டில் 1956-ல் ஐந்து மிஷனரிகள் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டதையும், கொன்றவர்களே பிற்பாடு கிறிஸ்தவர்கள் ஆனதையும் ஹாஸ்டலில் ஒரு தோழி கண் கலங்கச் சொன்னாள். இன்னொருத்தி, "அது ஒரு இனத்தையே கெடுத்த கதை" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். யார் சொல்வது சரி?
(கல்லூரி மாணவி, தேவகோட்டை)

பதில்: இரண்டு பேரும் சொல்வது ஒரே கதைதான் ஆத்தா. ஒருத்தி பாதியில் நிறுத்திவிட்டாள், மற்றவள் பாதியில் ஆரம்பித்திருக்கிறாள். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் டீச்சரும் இதைச் சொல்லி அழுதார். அவரும் பாதியில்தான் நிறுத்தினார். நானே டீச்சராகிப் பூகோளம் எடுத்த காலத்தில், அமேசான் பாடம் வந்தால் மிச்சத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். பாடம் முடியாது, அது வேறு விஷயம்.

அந்த ஜனங்களின் பெயர் வாவோரானி. பழைய புத்தகங்களில் 'ஆவுகா' என்று இருக்கும். அது கெச்சுவா மொழி பேசும் அக்கம்பக்கத்தார் வைத்த பெயர். காட்டுமிராண்டி என்று அர்த்தம். ரப்பர் வியாபாரிகள் காட்டுக்குள் புகுந்து ஆட்களைப் பிடித்துப் போன காலத்திலிருந்து, வெளியாள் தலை தெரிந்தால் ஈட்டிதான். அவர்களுக்குள்ளேயும் பழிக்குப் பழி ஓயவில்லை. காட்டில் வாழ்ந்தவர்கள் எல்லாரும் சாதுக்கள் என்று நினைத்துக்கொண்டு இந்தக் கதைக்குள் போகக் கூடாது.

நேட் செயிண்ட் என்ற மிஷனரி பைலட் குடியிருந்த ஊர் ஷெல் மேரா. ஷெல் எண்ணெய்க் கம்பெனி முகாம் போட்டு, பிறகு விட்டுவிட்டுப் போன இடம். இந்த எண்ணெயை ஞாபகத்தில் வைத்துக்கொள். நேட் தன் மஞ்சள் விமானத்தை வட்டமடிக்க விட்டு, நீளமான கயிற்றைத் தொங்கவிடுவார். விமானம் மேலே சுற்றச் சுற்ற, கயிற்றின் நுனி கீழே ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். அப்படித்தான் 1955 அக்டோபரில் ரிப்பன் கட்டிய ஓர் அலுமினியக் கெண்டி வாவோரானிகளின் முற்றத்தில் இறங்கியது. அடுத்தடுத்து வெட்டுக்கத்தி, சட்டை. கீழே இருந்தவர்களும் சும்மா இல்லை. இறகுக் கிரீடம் கட்டி அனுப்பினார்கள், ஒரு கிளியைக்கூட அனுப்பினார்கள். கொடுத்ததற்குப் பதில் மரியாதை செய்யத் தெரிந்தவர்கள்.

1956 ஜனவரி 3-ம் தேதி விமானம் குராராய் ஆற்று மணலில் இறங்கியது. 6-ம் தேதி ஓர் ஆணும் இரண்டு பெண்களும் வந்தார்கள். அந்த ஆளை விமானத்தில் ஏற்றிச் சுற்றிக் காட்டினார்கள். 8-ம் தேதி ஐந்து மிஷனரிகளும் பிணம். கையில் துப்பாக்கி இருந்தும் ஆட்களைச் சுடுவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். ஏன் கொன்றார்கள்? வாவோரானிகளே பின்னாளில் சொன்னது இது: வந்தவர்களில் அந்த ஆணும் இளம்பெண்ணும் தனியாக ஊர் திரும்ப, பெண் வீட்டில் ரகளை. தப்பிப்பதற்காக அவன், "வெளியாட்கள் எங்களைத் தாக்கினார்கள்" என்று ஒரு பொய்யைச் சொன்னான். ஒரு வீட்டுச் சண்டைக்கு ஐந்து உயிர்.

1958-ல் நேட்டின் அக்காள் ரேச்சலும், இறந்த ஐவரில் ஒருவரான ஜிம் எலியட்டின் மனைவி எலிசபெத்தும் அதே ஜனங்களோடு போய்க் குடியிருந்தார்கள். எலிசபெத்தின் இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. காட்டைவிட்டுத் தப்பி வந்திருந்த தயுமா என்ற வாவோரானிப் பெண்தான் கூட்டிப் போனவள். மொழி சொல்லிக் கொடுத்தவளும் அவளே. வேறெந்த மொழியோடும் ஒட்டு உறவு இல்லாத மொழி அது. 1965-ல் நேட்டின் பிள்ளைகளுக்கு அந்த ஆற்றிலேயே ஞானஸ்நானம் கொடுத்தவர்கள், அப்பனைக் கொன்ற கூட்டத்தில் இருந்தவர்கள். கொலைகள் வெகுவாகக் குறைந்தன. தம்பியைக் கொன்றவர்கள் நடுவே போய் உட்கார எனக்குத் தைரியம் வராது. ரேச்சல் 1994-ல் சாகும்வரை அவர்களோடுதான் இருந்தார். உன் முதல் தோழியின் கதை இங்கே முடிகிறது.

அப்புறம் எண்ணெய். 1967-ல் ஈக்வடார் காட்டில் டெக்ஸகோ கம்பெனிக்கு எண்ணெய் கிடைத்தது. சிதறிக் கிடந்த வாவோரானிகளைத் திவேனோ என்ற ஒரே இடத்துக்குக் கூட்டி வரும் வேலை மும்முரமானது. சண்டை ஓயும் என்பது மிஷனரிகளின் கணக்கு. காடு காலியாகும் என்பது கம்பெனியின் கணக்கு. இரண்டு கணக்கும் ஒரே பேரேட்டில் ஏறிவிட்டன. நெருக்கமாகக் குடிவைத்த இடத்தில் 1969-ல் போலியோ வந்து 16 பேர் செத்தார்கள், பலருக்குக் கால் விளங்காமல் போனது. உன் இரண்டாவது தோழி இங்கே பிடித்துக்கொள்கிறாள்.

ஆனால் இதற்குப் பிறகும் கதை இருக்கிறது. 2019-ல் நெமோன்டே நென்கிமோ என்ற பெண் முன்னே நிற்க, பஸ்தாசா மாகாணத்து வாவோரானிகள் தங்கள் காட்டை எண்ணெய்க்கு ஏலம் விடக் கூடாது என்று அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். 2023-ல் யசூனி காட்டில் எண்ணெய் எடுப்பதை நிறுத்தச் சொல்லி நாட்டு மக்களே ஓட்டுப் போட்டார்கள். ஆதரவு ஏறக்குறைய 59 சதவீதம். அழிந்துபோன இனம் என்று பேசுகிறவர்களுக்கு இந்தப் பெண்ணின் பெயரைச் சொல். இன்றைக்கும் தாகேரி, தரொமேனானே என்ற இரண்டு கூட்டத்தார் யாரோடும் சேராமல் அந்தக் காட்டிலேயே இருக்கிறார்கள்.

கேள்வி: நகரத்தார்களும்தான் கடல் கடந்து போனார்கள். யாரையும் மதம் மாற்றவில்லையே? அது நமக்குப் பெருமைதானே?
(வாசகர், பள்ளத்தூர்)

பதில்: கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போன இடமெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்கள், யாரையும் வந்து கும்பிடு என்று கூப்பிடவில்லை. நிஜம்தான். வட்டியைக் கட்டு என்று மட்டும் கூப்பிட்டார்கள். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நம்மவர் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போனதில் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கால் பங்காகிவிட்டது. எங்கள் ஐயா மௌல்மீன் கிட்டங்கியில் இருந்தவர். எங்கள் முகப்புத் தூண்கள் பர்மாத் தேக்கு. யார் யார் காட்டுக்குள் எதற்குப் போனார்கள் என்று பேச்சு வந்தால், நான் அந்தத் தூணில் சாய்ந்துகொண்டுதான் பேச வேண்டியிருக்கிறது.

கேள்வி: 2018-ல் அந்தமானின் வட சென்டினல் தீவுக்கு மதம் பரப்பப் போய் இறந்த அமெரிக்க இளைஞர் தியாகியா?
(வாசகி, காரைக்குடி)

பதில்: ஜான் ஆலன் சௌ என்ற அந்தப் பிள்ளைக்கு அப்போது 26 வயது. பெற்றவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனாலும் நான் தியாகி என்று சொல்ல மாட்டேன். ரேச்சலுக்கு ஒரு தயுமா இருந்தாள். சென்டினல் மொழியில் ஒரு வார்த்தைகூட வெளியில் யாருக்கும் தெரியாது. அம்பு விட்டு, வராதே என்று சொல்லியும் மறுபடி போனார். அந்தப் பழங்குடிகளைக் காக்கும் ஒழுங்குவிதி 1956-லிருந்தே இருக்கிறது. அது வெறும் காகிதச் சட்டம் இல்லை. 1880-ல் போர்ட்மன் என்ற வெள்ளை அதிகாரி அந்தத் தீவிலிருந்து ஆறு பேரைப் போர்ட் பிளேயருக்குத் தூக்கி வந்தார். நோய் கண்டு வயதான இருவரும் செத்துப்போக, நான்கு பிள்ளைகளைச் சாமான்களோடு திருப்பி விட்டார்கள். நம் சளி அவர்களுக்கு எமன். அது போக, ஜானைப் படகில் கொண்டுபோய் விட்ட மீனவர்கள் கைதானார்கள். அவர்களைப் பற்றி எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

கேள்வி: மாற்றப் போனவரே மாறி வந்த கதை உண்டா?
(மாணவர், கானாடுகாத்தான்)

பதில்: உண்டு. டேனியல் எவரெட், 1977-ல் பிரேசிலின் மைசி ஆற்றங்கரைக்குப் பிரஹா மக்களிடம் பைபிளோடு போனவர். "இயேசுவை நீ பார்த்திருக்கிறாயா? உன் அப்பா பார்த்தாரா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் அவர்களுக்கு அதில் ருசி போய்விட்டது. கடைசியில் எவரெட்தான் நம்பிக்கையை விட்டுவிட்டு மொழியியல் அறிஞராக நின்றார்.

கேள்வி: ஓரியூருக்குப் போயிருக்கிறீர்களா ஆச்சி?
(வாசகி, புதுவயல்)

பதில்: இரண்டு தடவை. லிஸ்பனில் பிறந்து, காவி கட்டி, மரக்கறி சாப்பிட்டு நம் மறவர் நாட்டில் சுற்றிய அருளானந்தர் என்ற பாதிரியாரை 1693-ல் அங்கேதான் தலையை வெட்டினார்கள். மறவர் தலைவர் தடியத்தேவர் அவரிடம் ஞானஸ்நானம் வாங்கி, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் ராஜா சேதுபதி வீட்டுப் பெண். அவள் போய் முறையிட்டதில் வந்த வினை. அங்கேயும் வீட்டுச் சண்டைதான், பாருங்கள். அவர் ரத்தத்தால்தான் அந்த மண் சிவந்தது என்று நம்புகிறார்கள். எல்லா மதத்துக்காரர்களும் எடுத்துப் போகிறார்கள். நானும் ஒரு பிடி கொண்டுவந்தேன். ஒரு சம்புடத்தில் போட்டு வைத்தேன். எந்த அலமாரியில் என்று மருமகளைத்தான் கேட்க வேண்டும்.