நெற்றியில் ஏறிய கண்ணாடி

வணக்கம் அக்கா,

கொட்டாஞ்சேனையில் உயர்தர இரசாயனம் படிப்பிக்கிறேன். வகுப்பில் 38 பிள்ளைகள். ஆய்வுகூடச் சுவரில் விதிகளைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். இருந்தும் பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் அமிலம் ஊற்றுகிறார்கள். நான் பார்த்தால் மட்டும் அது கீழே இறங்குகிறது. இவர்களுக்குப் பொறுப்பு எப்படி வரும்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

நான் வெள்ளவத்தையில் பஸ் ஏறிப் பள்ளிக்குப் போன காலத்தில், கரைசலைக் குழாயியில் (பிப்பெற்) வாயால் உறிஞ்சித்தான் எடுப்போம். ஒருநாள் நியமிப்புச் (டைட்ரேஷன்) செய்முறையில் சோடியம் ஐதரொட்சைட்டு உதட்டில் பட்டுவிட்டது. சவர்க்காரம் போல வழுவழுவென்றது. நம் தோலின் கொழுப்பையே அது சவர்க்காரமாக்குகிறது என்று அப்போது தெரியாது. ஓடிப்போய்க் கழுவியிருக்க வேண்டும். மிஸ் ஏசுவார் என்று லேஞ்சியால் துடைத்துக்கொண்டு மணி அடிக்கும்வரை நின்றேன். ஐதான கரைசல், தப்பினேன். விதியெல்லாம் எனக்கு மனப்பாடம்தான்.

அதனால் தவறைச் சொல்ல வரும் பிள்ளையை ஏசவே ஏசாதீர்கள். ஒரு கொப்பி வையுங்கள். முகவை வெடித்தது, காஸ் திறந்தே கிடந்தது என்று நடந்ததையும் நடக்கப் பார்த்ததையும் பெயர் போடாமல் அவர்களே எழுதட்டும். அடுத்த செய்முறைக்கு முன் வாசித்துப் பேசுங்கள்.

அப்புறம், கிழமைக்கு இரண்டு பேரைப் பொறுப்பாக விடுங்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா, மணல் வாளியில் குப்பை கிடக்கிறதா என்று பார்த்து அவர்கள் ‘சரி’ சொன்ன பிறகே வேலை தொடங்கட்டும். யாரையும் நிறுத்தும் உரிமை அவர்களுக்கு வேண்டும், உங்களையும்தான். “மிஸ், கண்ணாடி” என்று ஒரு பிள்ளை சொல்லி நீங்கள் போட்டுக்கொள்வதை மற்றவர்கள் பார்க்க வேண்டும்.

அமிலத்தைத்தான் நீருக்குள் விடவேண்டும் என்று எல்லாரும் ஒப்பிப்பார்கள். ஏன்? செறிந்த சல்பூரிக்கமிலம் நீரைப்போல 1.84 மடங்கு அடர்த்தியானது. அதன்மேல் ஊற்றிய நீர் மேலேயே நின்று கொதித்து, அமிலத்தையும் அள்ளிக்கொண்டு முகத்தில் தெறிக்கும். இது விளங்கிய பிள்ளைக்குக் கண்ணாடி ஏன் என்பதும் விளங்கும்.

ஆனால் 38 பேருக்கு ஒரு ஆசிரியர் என்பது பிள்ளைகளின் குறை இல்லை. இரண்டு குழுவாகப் பிரிக்க அதிபரிடம் நேரம் கேளுங்கள். ஒரு பிள்ளையின் கண்ணில் அமிலம் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். நீங்கள் அங்கே நிற்கும்போது மற்ற 37 பேரையும் யார் பார்ப்பது என்று அவரிடமே கேளுங்கள்.