கையெழுத்துக்கு முன்னால்: மருத்துவ ஆய்வு பற்றிக் கேட்டவர்களுக்கு

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அரசுப் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஆறு வருடமாக டெல்டாவில் ஒரு மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழுவில், அதாவது நோயாளிகளிடம் நடக்கும் ஆய்வுகளைப் பார்த்து ஒப்புதல் தரும் குழுவில் இருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. குழுவில் குறைந்தது 7 பேர், அதில் பாதிப் பேர் வெளியாட்கள், மருத்துவம் சாராத பொது ஆள் ஒருவர் கட்டாயம் என்பது விதி. அந்தப் பொது ஆள் நான். ஆய்வில் சேரச் சம்மதம் கேட்டு நோயாளியிடம் நீட்டும் தமிழ்ப் படிவத்தை வரி விடாமல் படிப்பது என் பொறுப்பு. சந்தேகங்களை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். வந்தவற்றுக்குப் பதில் இதோ.

ஒரத்தநாடு: டீச்சர், அப்பாவுக்குச் சுகர். கால் புண்ணு ஆறலன்னு மெடிக்கல் காலேஜ்ல சேர்த்திருக்கோம். சின்ன டாக்டர் ஒருத்தர் ஆறு பக்கம் பேப்பரக் கொடுத்து, ஒரு ஸ்டடி பண்றோம், சேருறீங்களான்னு கேட்டாரு. கம்பெனி கிடையாதாம், காலேஜே நடத்துதாம். கையெழுத்துப் போடலன்னா வார்டுல சரியா பாக்க மாட்டாங்களோ?

தம்பி, கையெழுத்துப் போடாவிட்டாலும் அப்பாவுக்கு உரிய சிகிச்சையில் ஒன்றும் குறையக் கூடாது. இது அந்தப் பேப்பரிலேயே எழுதியிருக்க வேண்டிய வாக்கியம், தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் படிவமே சரியில்லை.

அந்தச் சின்ன டாக்டர் அநேகமாக எம்.டி. அல்லது எம்.எஸ். படிப்பவராக இருப்பார். மேற்படிப்பு படிக்கிறவர்கள் ஆய்வு ஒன்று செய்து முடித்தாக வேண்டும். 'காலேஜே நடத்துது' என்றால், ஆய்வைத் தொடங்குவது, செலவைப் பார்ப்பது, பொறுப்பேற்பது எல்லாமே கல்லூரியோ பல்கலைக்கழகமோதான். இப்படிப்பட்ட ஆய்வுகளில் பெரும்பாலும் ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தை வேறு அளவிலோ வேறு நோய்க்கோ கொடுத்துப் பார்ப்பார்கள். மருந்தை விற்க உரிமம் வாங்கும் நோக்கம் இல்லையென்றால், 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி டெல்லியில் இருக்கும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் போதும். எங்கள் குழு அசந்துவிட்டால் காவலுக்கு வேறு ஆள் கிடையாது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அந்தக் கவலையோடுதான் போகிறேன்.

இன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டாம். பேப்பரை வீட்டுக்கு எடுத்துப் போய் அம்மாவோடு உட்கார்ந்து படியுங்கள். நாளைக்கு அந்த டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். சேராவிட்டால் அப்பாவுக்கு என்ன வைத்தியம் நடக்கும்? சேர்ந்தால் அதில் எது மாறும்? வீட்டுக்குப் போன பிறகு எத்தனை தடவை வந்து காட்ட வேண்டும்? மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. அறுவடை நேரத்தில் வாரா வாரம் ஒரத்தநாட்டிலிருந்து பஸ் ஏறி வர முடியாமல் பாதியில் விட்டவர்கள் நிறைய.

மன்னார்குடி: லாபம் இல்லாம ஒரு யுனிவர்சிட்டி எதுக்கு இதுல காசு போடுது?

லாபம் இல்லாத மருந்தைச் சோதித்துப் பார்க்க வேறு யாரும் வருவதில்லை என்பதால்தான். 2020-இல் கொரோனா வந்தபோது டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய மருந்து கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைத்தது. அது கொரோனாவுக்குக் கேட்கிறதா என்று பார்ப்பதில் எந்தக் கம்பெனிக்கும் வருமானம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் முன்னின்று அதை ஆய்வு செய்தது. சுமார் 2,100 பேருக்கு அந்த மருந்தைக் கொடுத்து, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 4,300 பேரோடு ஒப்பிட்டார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் மருந்து பெறாதவர்கள் 100-க்கு 41 பேர் இறந்தார்கள், பெற்றவர்களில் 29 பேர். ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் ஒன்றும் தெரியவில்லை. யாருக்குக் கொடுக்கணும், யாருக்குக் கொடுக்க வேண்டாம் என்ற இரண்டும் ஒரே ஆய்வில் தெரிந்துபோனது. கொரோனாவில் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற நமக்கு அந்த 41-க்கும் 29-க்கும் நடுவே இருப்பது யார் என்று தெரியும்.

திருத்துறைப்பூண்டி: புது மருந்தா பழசான்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணுமாம். எது குடுக்கிறாங்கன்னு டாக்டருக்கே தெரியாதாம். நம்ம உடம்ப வச்சுக் குலுக்குச் சீட்டா டீச்சர்?

நீங்கள் விவசாயக் குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் வயலை வைத்தே சொல்கிறேன். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922 முதல் இருக்கிறது. ஏ.டி.டி. என்று தொடங்கும் ரகங்களெல்லாம் அங்கிருந்து வந்தவை. புது ரகத்தை மடைக்குப் பக்கத்திலும் பழைய ரகத்தைக் கடைமடையிலும் நட்டால் புதுசுதான் கூடக் காணும். அது ரகத்தின் குணமா, தண்ணீரின் குணமா? அதனால்தான் எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்கிறார்கள். மனிதர்களிலும் அப்படியே. டாக்டர் கையில் விட்டால், தெம்பாக இருப்பவருக்குப் புது மருந்து, தளர்ந்தவருக்குப் பழையது என்று தன்னை அறியாமலே பிரித்துவிடுவார். எது யாருக்கு என்று அவருக்குத் தெரியாமல் வைப்பதும் இதே காரணத்துக்காக. ஆனால் ரகசியக் குறியீடு ஒன்று இருக்கும். அவசரம் என்றால் அதை உடனே உடைத்து, என்ன மருந்து என்று பார்த்துவிடலாம்.

இன்னொன்று. எது சிறந்தது என்று உண்மையாகவே தெரியாதபோதுதான் குலுக்கலாம். ஒன்று மட்டம் என்று தெரிந்தே நோயாளியை அதில் போடுவது குற்றம்.

பாபநாசம்: வெறும் மாத்திரை குடுத்து ஏமாத்துவாங்களாமே?

மருந்தே இல்லாத வெறும் மாத்திரை உண்டு, ஆனால் அதைச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். நல்ல மருந்து இருக்கிற நோய்க்கு, பெரும்பாலும் எல்லாருக்கும் அந்த மருந்தையும் கொடுத்து அதற்கு மேல்தான் இதைச் சேர்ப்பார்கள். உங்கள் படிவத்தில் வழக்கமான மருந்தை நிறுத்தச் சொல்லியிருந்தால், ஏன் என்று கேட்காமல் விடாதீர்கள்.

வேதாரண்யம்: படிவத்துல நாமினி பேரு, வருஷ வருமானமெல்லாம் கேக்குறாங்க. வீட்டுக்காரர் அதப் பாத்துப் பயந்து எழுந்து வந்துட்டாரு.

அம்மா, அவர் பயந்ததில் தப்பே இல்லை. நாமினி என்ற சொல்லை இன்சூரன்ஸ், பேங்க் பேப்பர்களில்தான் நாம் பார்த்திருக்கிறோம். அரசு வகுத்த படிவ மாதிரியிலேயே அந்தக் கட்டங்கள் இருக்கின்றன. ஆய்வால் உயிருக்கு ஏதாவது நேர்ந்தால் நஷ்டஈடு யாருக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைப்பதற்காகத்தான் நாமினி பெயர். கட்டம் இருப்பதால் ஆபத்து அதிகம் என்று அர்த்தம் இல்லை. என்னைக் கேட்டால், அந்தக் கட்டத்துக்கு மேலே இரண்டு வரி விளக்கம் அச்சடிக்க வேண்டும்.

நஷ்டஈடு பற்றித் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். புது மருந்து ஆய்வில் பாதிப்பு வந்தால், 2019 விதிகளின்படி, தேவைப்படும் வரை இலவச சிகிச்சை தர வேண்டும். மரணத்துக்கு 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து வயது, நோயின் கடுமை பார்த்துக் கணக்கிடுவார்கள். கல்லூரியே நடத்தும் ஆய்வுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி நெறிகள் பொருந்தும், அங்கே பொறுப்பு கல்லூரியுடையது. 'பாதிப்பு ஏற்பட்டால்' என்ற பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். யார் தருவார்கள் என்று சொல்லாமல் மழுப்பியிருந்தால் கையெழுத்து வேண்டாம்.

மயிலாடுதுறை: ஏழைங்கள எலியாக்குறாங்க, நீங்க அதுக்கு வக்காலத்து வாங்குறீங்க.

உங்கள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. அப்போது ஆந்திராவில் இருந்த கம்மம் மாவட்டத்தில் 2009-இல் சுமார் 14,000 சிறுமிகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஆய்வு செய்தார்கள். பல பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டார்கள். 2010-இல் அது நிறுத்தப்பட்டது. 2013-இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசியை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காததை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சென்னையில் நடந்ததையும் கேளுங்கள். 1956-இல் அங்கே காசநோய் ஆய்வு மையம் தொடங்கியபோது, காசநோயாளி என்றால் மாதக்கணக்கில் சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும் என்பதுதான் உலகத்தின் நம்பிக்கை. நெரிசலான வீடுகளில் அரைவயிற்றுச் சாப்பாட்டோடு இருந்த ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், ஒரு பாதி வீட்டிலேயே, இருவருக்கும் ஒரு வருடம் ஒரே மருந்து. 1959-இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், கூட இருந்தவர்களுக்கு அதனால் தொற்று கூடவும் இல்லை. சானடோரியங்களின் காலம் முடிந்ததற்கு அந்த ஆய்வு பெரிய காரணம். இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்தபடியே குணமாகிறோமே, அது அந்த 193 பேர் நமக்குக் கொடுத்தது.

திருவையாறு: அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க.

ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் பக்கத்தில் இருந்து, முழுவதும் படித்துச் சொன்னதைக் கேட்டு, அவரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். படிவத்தின் ஒரு பிரதி உங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுங்கள். அம்மா எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

குத்தாலம்: பணம் தருவாங்களா?

பஸ் காசும், கூலி போன நாளுக்கு ஈடும் தரலாம். பெரிய தொகை ஆசை காட்டினால் விலகி நில்லுங்கள். ஆய்வுக்கான பரிசோதனைக்கு உங்களிடம் காசு கேட்டாலும் அதே.

நன்னிலம்: நிஜமான ஆய்வுதானான்னு எப்படிப் பாக்குறது?

சி.டி.ஆர்.ஐ. எண் கேளுங்கள். அது நாட்டின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு, 2007-இல் தொடங்கியது. முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிய வேண்டும். வீட்டில் படித்த பிள்ளை யாராவது இருந்தால் இணையத்தில் அந்த எண்ணைப் போட்டு இலவசமாகவே பார்த்துவிடலாம். விவரம் ஆங்கிலத்தில் இருக்கும்.

தஞ்சாவூர், முதுநிலை மருத்துவ மாணவி: டீச்சர், என் படிவத்தை உங்கள் குழு போல ஒரு குழு இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. தமிழ் புரியவில்லையாம். எப்படி எழுதுவது?

கண்ணு, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 'நீங்கள் சீரற்ற முறையில் ஒதுக்கப்படுவீர்கள்' என்று ஒரு படிவத்தில் படித்தேன். ஒதுக்கிவைப்பது என்றால் நம் ஊரில் வேறு அர்த்தம், படிக்கிறவர் மனது புண்படும். 'இரண்டு மருந்தில் உங்களுக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவாகும்' என்று எழுது. 'பாதகமான நிகழ்வுகள்' வேண்டாம். வாந்தி வரலாம், தலை சுற்றலாம் என்று பெயர் சொல்லி எழுது. '5 மி.லி. குருதி' என்பதை 'ஒரு டீஸ்பூன் அளவு ரத்தம்' என்று மாற்று. அளவு தெரியாமல் பயந்து மறுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எழுதி முடித்ததும் வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாவிடம் வாசித்துக் காட்டு. அவர் தன் வாயால் திருப்பிச் சொல்லட்டும். எந்த இடத்தில் அவர் தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்தி எழுதி, மறுபடி அவரிடமே போ.